ஃபுகுவோகாவின் காபிக் கடைகளில் உட்கார்ந்து வேலை பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷூவில் இருக்கும் ஃபுகுவோகாவுக்கு மாறி வருகிறவர்களும், சில மாதம் தங்கி வெளியூர் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஸ்பெஷாலிட்டி காபிக் கடைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. சங்கிலிக் கடைகள் பக்கமும் அங்கங்கே போய் வருவோம்.

டோக்கியோ, கியோட்டோவை விட்டுவிட்டு ஏன் ஃபுகுவோகா?

முதல் காரணம், ஊர் கைக்கு அடக்கமானது. விமான நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது நிலையம் ஹகாதா, ஐந்தாறு நிமிடம்தான். ஊரின் நடுவான தென்ஜினுக்கு 11 நிமிடம். தென்ஜினைச் சுற்றியுள்ள தைம்யோ, இமாயிசுமி, கெகோ, யகுயின், அகாசகா எல்லாமே நடந்து போகும் தூரம். ஒரு கடையில் இடம் இல்லையென்றால் அடுத்ததற்கு நடந்தே போய்விடலாம். டோக்கியோவில் அதே வேலைக்கு இரண்டு ரயில் மாற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, காபி. 2014-இல் இத்தாலியின் ரிமினியில் நடந்த உலக பரிஸ்தா (காபி போடுகிறவர்) போட்டியில் வென்ற ஹிதெனோரி இசாகி ஃபுகுவோகாக்காரர். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆசியர் அவர். 2016-இல் டப்ளினில் அதே போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த யோஷிகசு இவாசே, இந்த ஊரின் ரெக் காபியை நடத்துகிறவர். அந்தக் கடை 2008-இல் ஒரு வேனில் தொடங்கியது. இப்படிப்பட்டவர்கள் உள்ள ஊரில், பக்கத்துத் தெருவில் பெயர் தெரியாத சின்னக் கடைக்காரர்கூட அளவுகோல் தெரிந்துதான் காபி போடுகிறார்.

எல்லாக் காபிக் கடையும் ஒன்றுதானே?

இல்லை. வேலை பார்க்க வருகிறவர் இந்த வித்தியாசத்தை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். பொதுவாக மூன்று வகை.

ஸ்டார்பக்ஸ், தோத்தோர், கொமேதா போன்ற சங்கிலிக் கடைகள் முதல் வகை. இடம் அதிகம், ஆள் நடமாட்டம் அதிகம், யாரும் உங்களைக் கவனிக்கப் போவதில்லை. பல கிளைகளில் பிளக்கும் வைஃபையும் உண்டு.

இரண்டாவது கிஸ்ஸாதென் எனப்படும் பழைய பாணிக் காபிக் கடை. ஹகாதா பக்கம் 1934-இல் தொடங்கிய பிராசிலெய்ரோ, நெல் டிரிப் எனும் துணி வடிகட்டிக் காபிக்குப் பெயர் பெற்ற பிமி ஆகியவை இந்த மரபைச் சேர்ந்தவை. அங்கே போவது காபி குடிக்க, சும்மா இருக்க, கூட வந்தவரிடம் மெல்லப் பேச. தயவுசெய்து லேப்டாப்பை வெளியே எடுக்காதீர்கள். சில சின்ன கிஸ்ஸாதென்களில் இன்னும் புகை பிடிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் உள்ளரங்கப் புகைத்தடை முழுமையாக வந்தபோது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சிறு கடைகளுக்கு விலக்கு கிடைத்தது. வாசலில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்; 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விட மாட்டார்கள்.

மூன்றாவதுதான் ஸ்பெஷாலிட்டி. நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது வாங்கிய கொட்டை, எந்த நாட்டின் எந்தத் தோட்டம், எப்படிப் பதப்படுத்தியது என்ற விவரம், பெரும்பாலும் மென்வறுவல். கடை சின்னது. பத்துப் பன்னிரண்டு இருக்கைதான் இருக்கும். வறுப்பவர், வடிப்பவர், கல்லாவில் நிற்பவர் மூவரும் பல இடங்களில் ஒரே ஆள். அப்படிப்பட்ட கடையில் நீங்கள் ஒரு நாற்காலியை மூன்று மணி நேரம் பிடித்தால், அவருடைய அந்த நேரத்து வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். கீழே வரும் பதில்கள் பாதிக்கு மேல் இந்தக் கணக்கிலிருந்து வருபவைதான்.

லேப்டாப்பைத் திறக்கலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாசல், மேசை, மெனு அட்டை மூன்றையும் பாருங்கள். கணினி வேண்டாம், வார இறுதியில் மட்டும் வேண்டாம், இந்த மேசையில் மட்டும் வேண்டாம் என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். ஜப்பானியம் படிக்கத் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைக் காட்டினால் போதும். “நீண்ட நேரம் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்” என்று மென்மையாக எழுதியிருந்தால் அதைத் தடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்ப் பேச்சில் அதுவே கண்டிப்பான வாக்கியம்.

எதுவும் எழுதவில்லையா? ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: “சுமிமாசென், பசோகோன் ட்சுகாத்தெமோ ஈ தெஸ் கா?” லேப்டாப் பயன்படுத்தலாமா என்று பொருள். சரியென்றால் உடனே தலையாட்டுவார்கள். தலையைச் சற்றுச் சாய்த்து மூச்சை உள்ளே இழுத்தால் வேண்டாம் என்று அர்த்தம். காபியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். நல்ல காபியாகத்தான் இருக்கும்.

நின்றுகொண்டே குடிக்கிற கடைகள், பரிஸ்தாவுக்கு நேரெதிரே உட்காரும் கவுண்டர் கடைகள் இரண்டிலும் கேட்கவே வேண்டாம். அங்கே காபி போடுவதைப் பார்ப்பதும் விலையில் சேர்ந்தது.

எவ்வளவு நேரம் உட்காரலாம்?

பலகையில் 90 நிமிடம், 2 மணி நேரம் என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான். இன்னொரு காபி வாங்கினாலும் அந்த நேரம் தானாக நீளாது, கேட்டால்தான் உண்டு.

எழுதாத இடத்தில் என் கணக்கு: ஒரு காபிக்கு ஒரு மணி நேரம், கூட்டம் இல்லையென்றால் ஒன்றரை. அதற்கு மேல் வேண்டுமானால் இன்னொரு பானமோ கேக்கோ வாங்குங்கள். வாசலில் யாராவது இடத்துக்குக் காத்து நின்றால் கோப்பையில் பாதி இருந்தாலும் மூட்டை கட்டத் தொடங்கிவிட வேண்டும். கடைக்காரர் வந்து எழுந்திரு என்று சொல்ல மாட்டார். அடிக்கடி தண்ணீர் நிரப்ப வருவார், காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போவார். கோப்பையை எடுத்துப் போவது வழக்கமான உபசரிப்பாகவும் இருக்கலாம், குறிப்பாகவும் இருக்கலாம். எதுவானாலும் அப்போது மணியைப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

முழு நாளையும் ஒரே கடையில் ஓட்டுவது என்ற யோசனையை விட்டுவிடுங்கள். தனி ஆள் நடத்தும் கடையில் அது அநியாயம். நாலு பேர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒற்றை இருக்கை காலியாக இருந்தால் ஒற்றையில்தான் உட்கார வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எந்த நேரம் போவது நல்லது?

வார நாட்களில் காலை. கடை திறந்ததிலிருந்து பதினொன்றரை வரை பொற்காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூட்டம் வரும், மூன்று மணி வாக்கில் கேக் சாப்பிட இன்னொரு கூட்டம். சனி, ஞாயிறு சுத்தமாக வேண்டாம்.

இதில் இந்தியக் குழுவோடு வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பான் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி முன்னால். சென்னையில் காலை 9:30 ஆகும்போது இங்கே மதியம் 1 மணி. அதாவது காலை முழுக்க யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். எழுதுவது, நிரல் படிப்பது, வடிவமைப்பு யோசிப்பது என்று தலை வேலையெல்லாம் காலையில் காபிக் கடையில். ஒரு மணிக்கு வீடு திரும்பி மீட்டிங். லண்டன் குழு என்றால் அவர்களுடைய 9 மணி இங்கே கோடையில் மாலை 5, குளிர்காலத்தில் 6. நியூயார்க் என்றால் இரவு 10 அல்லது 11. அந்த நேரத்தில் ஸ்பெஷாலிட்டி கடை எதுவும் திறந்திருக்க வாய்ப்பில்லை; பெரும்பாலானவை மாலை ஆறு, ஏழுக்கே மூடிவிடும்.

சில கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால் எட்டு மணிக்குத் திறக்கிற ஒன்றிரண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டிங் எடுக்கலாமா? ஹெட்போன் போட்டுக்கொண்டால்?

கூடாது. ஹெட்போன் மற்றவர்கள் பேசுவதை உங்களிடமிருந்துதான் மறைக்கிறது. உங்கள் குரல் கடை முழுக்கக் கேட்கும். ரயிலிலேயே போன் பேசாத ஊர் இது. மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதில் தவறில்லை. ஆனால் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று திடீரென்று உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை யோசித்து வையுங்கள். அவசர அழைப்பு வந்தால் வாசலுக்கு வெளியே போய்ப் பேசுங்கள்.

தட்டச்சுச் சத்தத்தையும் கவனியுங்கள். இசை மெல்ல ஓடும் சின்ன அறையில் மெக்கானிக்கல் கீபோர்டு ஆலங்கட்டி மழைபோல விழும்.

அப்படியானால் அழைப்புகளுக்கு எங்கே போவது?

ரயில் நிலையங்களிலும் பெரிய கட்டடங்களிலும் டெலிக்யூப் மாதிரியான ஒற்றை ஆள் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன. செயலியில் நேரம் பதிந்து உள்ளே போய்க் கதவை மூடிக்கொள்ளலாம். பகல் நேரத்தில் கரோக்கே அறைகளையும் வேலைக்கு வாடகைக்கு எடுக்கலாம். ஒலி வெளியே போகாத அறை, பிளக், மேசை, பானம் எல்லாம் உண்டு. பக்கத்து அறையில் யாராவது உச்சஸ்தாயியில் பாடினால் கொஞ்சம் கேட்கும். வாடிக்கையாளரோடு பேசும்போது வேண்டாம், குழுவோடு பேசச் சரி. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் பணிக்கூடங்கள் தென்ஜின், ஹகாதா இரண்டிலும் நிறைய.

எஞ்சினியர் கஃபே என்று சொல்கிறார்களே, அது காபிக் கடையா?

பெயரில்தான் கஃபே. தென்ஜினில் ஆற்றோரமாக 1909-இல் கட்டிய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. நிப்பான் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கியூஷூ கிளையாக எழுந்தது. டோக்கியோ ரயில் நிலையத்தை வடிவமைத்த கிங்கோ தத்சுனோ, யசுஷி கதாவோகா என்ற இன்னொருவரோடு சேர்ந்து இதை வடிவமைத்தார். 1969-இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளில் சேர்த்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் 2019 ஆகஸ்ட்டில் ஃபுகுவோகா மாநகராட்சி மென்பொருள்காரர்களுக்காக ஒரு வேலையிடம் திறந்தது. அதுதான் எஞ்சினியர் கஃபே.

இலவசம். வரவேற்பில் பதிந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். காலை 9 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும், மாதத்தில் ஒரு நாள் விடுமுறை. தொழில்நுட்பச் சந்திப்புகளும் அங்கேயே நடக்கும். ஊரில் யாரையும் தெரியாதவருக்கு அது பெரிய உதவி. ஸ்பெஷாலிட்டி கடையில் ஒன்றரை மணி நேரம் கழித்துவிட்டு மீதி நாளை இங்கே ஓட்டுவதுதான் ஃபுகுவோகாவில் எனக்குத் தெரிந்த சிறந்த ஏற்பாடு. கடைக்காரருக்கும் மனக்கசப்பு இல்லை, உங்களுக்கும் குற்ற உணர்ச்சி இல்லை.

தைம்யோவில் பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் 2017-இல் திறந்த ஃபுகுவோகா குரோத் நெக்ஸ்ட்டும் இதே நோக்கத்தில் வந்ததுதான். ஆனால் அது தொழில் தொடங்குகிறவர்களுக்கு அதிகம் பொருந்தும்.

பிளக், சார்ஜர் விஷயம் என்ன?

ஜப்பானில் 100 வோல்ட், இரண்டு தட்டைக் காலுள்ள பிளக். லேப்டாப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வரை தாங்கும், எனவே மாற்றி மட்டும் போதும். இந்தியாவின் உருண்டைக் கால் பிளக்கோ, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவின் மூன்று சதுரக் கால் பிளக்கோ நேரடியாகப் போகாது. மூன்று காலுள்ள அமெரிக்க பிளக்கும் பல இடங்களில் நுழையாது.

சுவரில் பிளக் தெரிந்தாலும் கேட்காமல் செருகாதீர்கள். ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 245-ஆம் பிரிவு, திருட்டைப் பொறுத்தவரை மின்சாரத்தையும் ஒரு பொருளாகவே கருதுகிறது. யாரும் போலீஸைக் கூப்பிடப் போவதில்லை, ஆனால் துடைப்பான் இயந்திரத்துக்காக வைத்த பிளக்கில் நீங்கள் சார்ஜ் போட்டால் முகம் மாறும். “கொன்சென்தோ காரித்தெமோ ஈ தெஸ் கா?” என்று கேட்டால் போதும். அதைவிட நல்லது, வீட்டிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிளக் எதற்கு?

வைஃபை கிடைக்குமா?

சங்கிலிக் கடைகளில் கிடைக்கும். ஸ்பெஷாலிட்டி கடைகளில் பாதி நம்பிக்கை வையுங்கள். மாநகராட்சி நடத்தும் ஃபுகுவோகா சிட்டி வைஃபை 2012 முதல் இருக்கிறது. சுரங்க ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் மெயில் பார்க்க உதவும். அலுவலக வேலைக்கு உங்கள் போனையே இணைப்பாக வைத்துக்கொள்வது உத்தமம். இங்கே குடியிருப்பவர்களுக்கு அஹாமோ என்ற மொபைல் சேவையில் மாதம் 2,970 யென்னுக்கு 30 ஜிபி கிடைக்கிறது, போனிலிருந்து லேப்டாப்புக்குப் பகிரவும் தனிக் கட்டணம் இல்லை. குறுகிய காலம் வருகிறவர்களுக்கு இ-சிம் போதும். பொது வைஃபையில் விபிஎன் இல்லாமல் அலுவலகக் கணினியைத் திறப்பது உங்கள் நிறுவன விதிக்கே எதிராக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

வடிகட்டிய காபி 500 முதல் 800 யென். கெய்ஷா ரகம், போட்டியில் வென்ற தோட்டம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். உள்ளே உட்கார்ந்து குடித்தால் 10 சதவீத வரி, எடுத்துக்கொண்டு போனால் 8; 2019 அக்டோபரிலிருந்து இப்படித்தான். அதனால்தான் முதல் கேள்வியே “இங்கேயா, வெளியேயா” என்று வரும். டிப்ஸ் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

பணம் கட்டுவது கடைக்குக் கடை மாறும். சிலர் ரொக்கமே வாங்குவதில்லை, சிலர் ரொக்கம் மட்டுமே வாங்குவார்கள். பேபே எனும் கட்டணச் செயலி, ஊரின் பயண அட்டைகளான ஹயகாகென் அல்லது நிமோகா, கூடவே ஆயிரம் யென் நோட்டு இரண்டு இருந்தால் எங்கும் சமாளிக்கலாம்.

லேப்டாப்பை மேசையில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போகலாமா?

உள்ளூர்க்காரர்கள் போகிறார்கள். திருட்டு அரிது. ஆனாலும் திரையைப் பூட்டாமல் போகாதீர்கள், அலுவலகக் கணினியை விட்டுப் போகவே போகாதீர்கள்.

காபி புளிக்கிறதே, கெட்டுப்போனதா?

இல்லை. டிகாக்‌ஷனும் சிக்கரியும் பழகிய நாக்குக்கு மென்வறுவல் எத்தியோப்பியக் காபி முதல் வாய்க்கு எலுமிச்சைத் தண்ணீர் மாதிரித்தான் தெரியும். கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்தால் இனிப்பு மேலே வரும். பிடிக்கவே இல்லையென்றால் “ஃபுகாயிரி” என்று கேளுங்கள், அடர்வறுவல் என்று பொருள்; பல கடைகளில் ஒரு ரகமாவது இருக்கும். பால் சேர்க்க வேண்டுமென்றால் லாத்தே வாங்குங்கள். கையால் வடித்த காபியில் பாலை ஊற்றினால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் வடித்தவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

வெண்ணெய் டோஸ்ட், ஸ்கோன், பவுண்ட் கேக். முட்டை சாப்பிடாதவர்களுக்கு அதிலும் பாதி போய்விடும். புட்டிங், மூஸ் வகைகளில் ஜெலட்டின் இருக்கலாம். கறி என்று மெனுவில் இருந்தால் காய்கறி மட்டுமே தெரிந்தாலும் குழம்பு மாமிசச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். சோயா, ஓட்ஸ் பால் பல கடைகளில் உண்டு. சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வாங்கி வந்த எதையும் கடைக்குள் பிரிக்காதீர்கள், வாழைப்பழம் உட்பட.

விசா?

2024 மார்ச் கடைசியில் ஜப்பான், வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்தபடி வேலை பார்க்கிறவர்களுக்கான டிஜிட்டல் நோமாட் விசாவைத் தொடங்கியது. ஆறு மாதம், நீட்டிப்பு கிடையாது. ஆண்டு வருமானம் 1 கோடி யென்னுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 1 கோடி யென்னுக்கு மேல் ஈடு தரும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஜப்பானோடு வரி ஒப்பந்தமும் விசா விலக்கும் இரண்டும் உள்ள நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு மட்டும்தான் இது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகள் அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டுள்ள தமிழர்கள் விண்ணப்பிக்கலாம். இந்த விசாவில் குடியிருப்பு அட்டை தர மாட்டார்கள் என்பதால் வங்கிக் கணக்கு, மாதச் சந்தா சிம் எல்லாம் சிரமம்.

ஏற்கெனவே இங்கே வேலை விசாவில் இருப்பவர்கள் நிறுவனத்திடம் அனுமதி வாங்கினால் போதும். துணைவர் விசாவில் வந்தவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும், அதிலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். சம்பளம் சென்னையிலிருந்து வருகிறது, அதனால் கணக்கில் வராது என்று தாங்களாகவே முடிவு செய்யாமல் குடிவரவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த மாதங்களில், எந்த நாட்களில் சிரமம்?

மே 3, 4 தேதிகளில் ஹகாதா தொந்தாகு திருவிழா, தென்ஜின் பக்கமே போக முடியாது. ஜூன் முதல் ஜூலை நடு வரை மழை. கடையில் குடை வைக்கும் இடத்தைத் தேடி வைத்துவிட்டு உள்ளே போங்கள். ஜூலை 1 முதல் 15 வரை கியோன் யமகாசா திருவிழா. கடைசி நாள் விடியற்காலை 4:59-க்கு ஆண்கள் பெரிய தேரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்குவார்கள். ஹகாதாவின் பழைய தெருக்களில் கடை நடத்துகிறவர்கள் பலர் அதில் இருப்பதால் அந்த வாரம் கடை நேரம் எப்படி வேண்டுமானாலும் மாறும்.

மற்றபடி விடுமுறை நாளைக் கூகுள் வரைபடத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். சின்னக் கடைகள் இன்ஸ்டாகிராமில்தான் மாத அட்டவணை போடும்.

பக்கத்து ஊரான தஸாய்ஃபுவில் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த ஸ்டார்பக்ஸ் இருக்கிறது, 2011-இல் திறந்தது, இரண்டாயிரம் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பார்கள். பார்க்கப் போங்கள், வேலை பார்க்கப் போகாதீர்கள். படம் எடுக்கிறவர்கள் கூட்டத்தில் திரையைப் பார்க்கவே விட மாட்டார்கள்.

இரண்டு பேராகப் போய் வேலை பார்க்கலாமா?

போகலாம். பேசிக்கொண்டே வேலை பார்ப்பது என்றால் சங்கிலிக் கடை. ஆளுக்கு ஒரு பானம் வாங்க வேண்டும். ஒரு காபியைப் பகிர்ந்துகொள்வது இங்கே நடக்காது.

தினமும் ஒரே கடைக்குப் போகலாமா?

வாரத்தில் இரண்டு நாள் போங்கள், மற்ற நாட்களில் வேறு கடை. கிளம்பும்போது “கொச்சிசோசாமா தெஷ்தா” (உபசரிப்புக்கு நன்றி) என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எப்போதாவது கொட்டையும் வாங்குங்கள். 100 கிராமிலிருந்தே தருவார்கள், அதற்கு 8 சதவீத வரிதான், எந்த வடிகட்டி என்று சொன்னால் அதற்கேற்ப அரைத்தும் கொடுப்பார்கள். வறுத்த தேதி பையிலேயே இருக்கும். நேற்று வறுத்தது என்றால் உடனே பிரிக்காமல் ஒரு வாரம் வைத்திருந்து குடியுங்கள். எத்தனை கிராமுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதியே தந்துவிடுவார்கள்.